ஏழு மாதம் சும்மா கிடந்த அவுட்போர்டு இஞ்சின் பிடிக்க மறுத்தால் எங்கே கை வைப்பது?

தம்பி, வேறு யாராவது படித்தாலும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஃபைபர் வள்ளத்துக்கு 9.9 எச்.பி. இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் இஞ்சின். பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை, இரண்டு சிலிண்டர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் ஏழு மாதமாக வீட்டுத் திண்ணையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. இப்போது கடலுக்கு இறக்கலாம் என்று எடுத்தால், கனமாக இழுபடும் ஸ்டார்ட் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். புது ஸ்பார்க் பிளக் போட்டும் பிடிக்கவில்லை. பார்க்க வந்தவர், "சி.டி.ஐ. போயிருக்கும், புதுசு வாங்கிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சி.டி.ஐ. என்பது பிளக்கில் பொறி வர வைக்கும் மின்பெட்டி. அதை வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் நடுக்கடலில் பட்டென்று நின்றது என்றால் நானும் சி.டி.ஐ.யையும் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும்தான் சந்தேகப்படுவேன். கடைசி நாள் நன்றாக ஓடிக் கரை சேர்ந்த இஞ்சினில், கழற்றி வைத்த இடத்திலேயே மின்சாதனம் தானாக எரிந்துபோவது அபூர்வம். சும்மா கிடக்கும் இஞ்சினுக்கு வரும் நோய்கள் வேறு. உள்ளே நின்ற எண்ணெய், அதாவது பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, பிசினாகும். ரப்பர் விறைக்கும். செம்புக் கம்பியில் களிம்பு ஏறும், இரும்பில் துரு ஏறும். ஓட்டை கண்ட இடத்தில் குளவி மண் வைத்துக் கூடு கட்டும். இவை எல்லாமே வீட்டில் இருக்கும் ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் வைத்து நாமே பார்க்கக்கூடியவை. பார்த்து முடித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் அப்புறம் சி.டி.ஐ.யைப் பேசலாம்.

முதல் வேலை ஸ்பானர் எடுப்பது இல்லை, அப்பாவிடம் ஒன்று கேட்பது. கடைசியாகக் கரைக்கு வந்த அன்று இஞ்சினை எதில் நிறுத்தினார்? பெட்ரோலிலா, மண்ணெண்ணெயிலா?

இந்த வகை இஞ்சினில் முக்கால்வாசி விஷயம் இதில் இருக்கிறது. பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகி நிற்கும், பொறி பட்டால் பிடித்துவிடும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை. 35 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். அதனால்தான் பெட்ரோலில் எடுத்து, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு வால்வைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். திரும்பி வரும்போது கரை நெருங்கியதும் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி, எண்ணெயைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரில் நிற்கும் மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகு நிறுத்த வேண்டும். அன்றைக்கு அலை பெரிதாக இருந்து அவசரமாகக் கரை ஏற்றியிருந்தாலோ, பெட்ரோல் தீர்ந்திருந்தாலோ, மண்ணெண்ணெயிலேயே நின்றிருக்கும். ஏழு மாதமாகக் கார்பரேட்டர் நிறைய மண்ணெண்ணெய்தான் இருந்திருக்கிறது. நீங்கள் இப்போது டேங்கில் எத்தனை புதுப் பெட்ரோல் ஊற்றினாலும், குளிர்ந்த சிலிண்டருக்குள் முதலில் போவது அந்தப் பழைய மண்ணெண்ணெய்தான். கயிறு இழுக்க இழுக்கப் பிளக் நனைந்துகொண்டே போகும்.

சோதிப்பது சுலபம். கார்பரேட்டருக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, மெக்கானிக்குகள் பவுல் என்பார்கள். அதன் அடியில் வடிகால் திருகு ஒன்று இருக்கும். கீழே ஒரு கண்ணாடி டம்ளரை வைத்துத் திருகைத் தளர்த்துங்கள். வருவதை ஒரு சொட்டு உள்ளங்கையில் விடுங்கள். பெட்ரோல் என்றால் சில்லென்று பறந்துவிடும், அதில் கலந்த ஆயிலின் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். மண்ணெண்ணெய் அப்படியே கையில் நிற்கும், வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும். டம்ளரில் பிடித்ததை வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு திரிந்தால் அது தண்ணீர். பழுப்பாகத் தூள் படிந்தால் துரு. ஒன்றுமே வரவில்லை என்றால் பவுலுக்கு எண்ணெய் வந்து சேரவே இல்லை, அல்லது திருகு ஓட்டையே பிசினால் அடைத்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் பாதி விடை இந்த டம்ளரிலேயே கிடைத்துவிடும்.

இந்த வேலை எதையும் வள்ளத்துக்குள் வைத்துச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், வள்ளத்தின் அடிப்பலகையில் போய்த் தேங்கி நிற்கும். வெட்டவெளியில், மணலில், ஸ்டாண்டில் மாட்டிச் செய்யுங்கள். உதவிக்கு நிற்பவர் பீடி பிடிப்பவர் என்றால் பத்தடி தள்ளி நின்று யோசனை சொல்லட்டும்.

அடுத்து டேங்க். ஏழு மாதத்துக்கு முன் ஆயில் கலந்த பெட்ரோல் அதில் இருந்தால் யோசிக்காமல் இறக்கிவிடுங்கள். "போன வருஷத்துப் பெட்ரோலில் ஓடியதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்துப் பெட்ரோல் வேறு. இந்தியாவில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது, 2025-இல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் பெட்ரோல், மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்தபடி, கடற்கரையின் உப்புக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும்? ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. இஞ்சினுக்கு முதலில் கிடைப்பது அந்தத் தண்ணீர்ச் சாராயம்தான்.

சந்தேகமாக இருந்தால் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் ஆடாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் அடுத்த சோதனையே வேண்டாம். அதே எண்ணெயில் இன்னும் நூறு தடவை கயிறு இழுத்தாலும் பயன் இல்லை. இறக்கியதை மணலிலோ கடலிலோ கொட்டாதீர்கள், டின்னில் வைத்தால் பழைய பாகங்கள் கழுவ உதவும். டேங்கைப் புதுப் பெட்ரோல் கொஞ்சம் விட்டு அலசி, புதிதாகக் கலந்த எண்ணெய் ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆயில் விகிதம் கைப்புத்தகத்தில் உள்ளபடி. ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. அவுட்போர்டுக்கென்று விற்கும் டி.சி.-டபிள்யூ.3 ஆயில் போடுங்கள். பைக் ஆயில் போட்டும் ஓட்டுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பிளக்கிலும் பிஸ்டன் ரிங்கிலும் ஏறும் கரியைக் கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் அதன் விலை தெரியும்.

இனி, கேட்டால் சிரிப்பு வரும் சில சின்ன விஷயங்கள். சிவப்புக் கயிற்றோடு இருக்கும் பாதுகாப்பு கிளிப் அதன் இடத்தில் மாட்டியிருக்கிறதா? அது இல்லாமல் கயிறு நன்றாகவே இழுபடும், பொறி மட்டும் வராது. திண்ணையில் கிடந்த இஞ்சினில் கிளிப்பைக் குழந்தைகள் விளையாட எடுத்துப் போயிருப்பார்கள். நான் ஒருமுறை ஒரு மதியம் முழுக்க ஒரு இஞ்சினைப் பிரித்து மேய்ந்துவிட்டு, சாயங்காலம் அந்த வீட்டுப் பேரன் அரைஞாண் கயிற்றில் கிளிப்பைத் தொங்கவிட்டு ஓடியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து முதலில் பார்ப்பது கிளிப்பைத்தான். கியர் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மாடல்களில் கியரில் இருந்தால் கயிறே இழுபடாது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும். டேங்கிலிருந்து எண்ணெய் வரும் ஓஸில், கையால் அமுக்கும் ரப்பர் பல்பின் அம்புக்குறி இஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். வால்வு பெட்ரோல் பக்கம் இருக்க வேண்டும்.

பல்பை அமுக்கிப் பாருங்கள். ஏழெட்டு அமுக்கலில் கல் மாதிரி இறுகிவிட வேண்டும். இறுகவே இல்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் உள்ளே இருக்கும் வால்வு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓஸ் இஞ்சினில் மாட்டும் இணைப்பில் ஒரு ஓ-ரிங் இருக்கும், பழசானால் வெடித்துவிடும். பழைய ஓஸை வளைத்துப் பாருங்கள். மேலே வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், சொற்பக் காசுதான். எத்தனாலுக்கு ஏற்ற ஓஸாகக் கேட்டு வாங்குங்கள். மற்றதெல்லாம் உள்பக்கம் ஊறி உரிந்து, அந்தத் துணுக்குகளே கார்பரேட்டரை அடைக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால்தான் நோய் எண்ணெய்ப் பக்கமா பொறிப் பக்கமா என்று பிரிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன்.

முதல் வழி பிளக்கைப் படிப்பது. சோக்கை (காற்று வழியை அடைக்கும் பிடி) இழுத்து, பத்துத் தடவை கயிறு இழுத்த உடனே இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து கிடந்தால் எண்ணெய் உள்ளே வரவில்லை. பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, பொறிதான் சந்தேகம், அல்லது அளவுக்கு மீறி ஊற்றியாகிவிட்டது. மண்ணெண்ணெய் வாசனை வந்தால் மேலே சொன்ன கதைதான். தண்ணீர்த் துளி உருண்டால் டேங்குக்குத் திரும்புங்கள்.

இரண்டாவது வழி இன்னும் நேரானது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஆயில் கலந்த புதுப் பெட்ரோல் கால் டீஸ்பூன் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டிக் கயிறு இழுங்கள். கால் டீஸ்பூன்தான், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று விநாடி சட்டென்று பிடித்து ஓடி நின்றுவிட்டதா? அப்படியானால் பொறி இருக்கிறது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறது, சி.டி.ஐ. உயிரோடு இருக்கிறது. குறை எண்ணெய் வந்து சேரும் வழியில்தான். ஆயிரக்கணக்கில் கொடுத்து சி.டி.ஐ. வாங்குவதற்கு முன்னால் இந்தக் கால் டீஸ்பூன் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். உங்கள் இஞ்சினும் இப்படித்தான் இரண்டு விநாடி ஓடி நிற்கும் என்பது என் ஊகம்.

சிலர் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பார்கள். இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு அது வேண்டாம். இந்த இஞ்சினுக்கு மசகே எண்ணெயில் கலந்து வரும் ஆயில்தான். ஸ்ப்ரே அந்த ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு வெறும் இரும்பில் இரும்பு உரச விட்டுவிடும்.

சரி, எண்ணெய்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் கார்பரேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாதிப் பேர் இதை அரைகுறையாகச் செய்துவிட்டு "கார்பரேட்டர் சுத்தம் பண்ணியாச்சு" என்று அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய், எந்தக் கம்பி எங்கே என்பது மறுநாள் காலையில் நினைவிருக்காது. பக்கவாட்டில் சுருள் வில்லோடு ஒரு சின்னத் திருகு இருக்கும், காற்றையும் எண்ணெயையும் அளவாகக் கலக்கும் திருகு. அதைக் கழற்றுவதற்கு முன் உள்ளே முழுக்கத் திருகி, எத்தனை சுற்று போனது என்று எண்ணி எழுதி வையுங்கள். அடியில் முட்டியதும் விட்டுவிடுங்கள், இறுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும். பவுலைத் திறந்தால் உள்ளே மிதவை இருக்கும், மிதவையோடு ஒரு ஊசி வால்வு. பழைய எண்ணெய் காய்ந்து இந்த ஊசி அதன் இருக்கையில் ஒட்டிக்கொண்டுவிடும். அப்போது பல்பை எத்தனை இறுக அமுக்கினாலும் பவுலுக்குள் சொட்டு இறங்காது. முதலில் டம்ளர் சோதனையில் ஒன்றும் வரவில்லை என்றால் குற்றவாளி இவராக இருக்கலாம். ஒட்டாமல் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டால் எதிர்மாறாக எண்ணெய் பொங்கி வழியும்.

நடுவில் நிற்பது மெயின் ஜெட். அதை எல்லோரும் கழற்றி ஊதுகிறார்கள். இஞ்சின் எடுப்பதற்கும் மெதுவாக நின்று ஓடுவதற்கும் வேண்டியது மெயின் ஜெட் இல்லை, பக்கத்தில் இருக்கும் பைலட் ஜெட். அதன் ஓட்டை தலைமுடிக் கனத்துக்குத்தான் இருக்கும். முதலில் அடைபடுவது அதுதான், கண்ணுக்குத் தெரியாததால் தப்பிப்பதும் அதுதான். சில மாடல்களில் ரப்பர் மூடிக்கு உள்ளே ஒளிந்திருக்கும். கழற்றிச் சூரியனுக்கு நேராகப் பிடியுங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் திறந்திருக்கிறது. தெரியவில்லை என்றால் கார்பரேட்டர் கிளீனரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் காற்றடிக்கும் கடையில் அழுத்தக் காற்று கொடுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை மாறிவிடும். வேறு வழியே இல்லை என்றால் மின்வயரின் மெல்லிய செம்பு இழை ஒன்றை மட்டும் எடுத்து மெதுவாக விடலாம். ஜெட் போக, கார்பரேட்டர் உடம்பிலும் நூல் போலத் துளைகள் இருக்கின்றன. ஒரு துளையில் கிளீனர் அடித்தால் இன்னொரு துளை வழியாக வெளியே பீச்ச வேண்டும், பீச்சும் வரை விடாதீர்கள். அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிர்ப்பக்கத் துளை எப்போதும் நம் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பவுல் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கார்பரேட்டர் கையில் இருக்கும்போதே வடிகட்டியையும் எண்ணெய் பம்பையும் பார்த்துவிடுங்கள். பம்புக்குள் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்க, சவ்வு துடித்து எண்ணெயை இழுக்கிறது. சவ்வு விறைத்தால் துடிக்காது. எப்படித் தெரியும்? ஓடும்போது நிற்கப் பார்க்கும் இஞ்சின், பல்பைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பம்பைச் சந்தேகப்படலாம்.

கால் டீஸ்பூன் சோதனையில் ஒரு விநாடிகூடப் பிடிக்கவில்லை என்றால்தான் பொறிப் பக்கம் வர வேண்டும். அங்கேயும் சி.டி.ஐ. கடைசி ஆள். புது பிளக் போட்டேன் என்றீர்கள், பழைய பிளக்கின் எண்ணைப் பார்த்து வாங்கினீர்களா, கடைக்காரர் கொடுத்ததை வாங்கினீர்களா? பெட்ரோல் வகைக்கும் மண்ணெண்ணெய் வகைக்கும் எண் மாறலாம், கைப்புத்தகம் சொல்வதுதான் கணக்கு. என்.ஜி.கே. பிளக்கில் பி7எச்எஸ்-10 என்று இருந்தால் கடைசியில் உள்ள 10, இடைவெளி 1.0 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. நடுவில் உள்ள 7 வெப்ப எண். இந்தக் கம்பெனியில் எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக், வேறு சில கம்பெனிகளில் தலைகீழ். புது பிளக் என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. கைதவறிக் கீழே விழுந்து உள்ளே பீங்கான் விரிந்திருந்தால் வெளியே தெரியாது.

பொறி பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரியும், இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். கழற்றிய பிளக்கை அதன் வயரில் மாட்டி, பிளக்கின் உடம்பை இஞ்சின் இரும்பில் நன்றாக ஒட்டிப் பிடித்துத்தான் கயிறு இழுக்க வேண்டும். வயரை அந்தரத்தில் விட்டு இழுத்தால் நல்ல சி.டி.ஐ.யும் போய்விடலாம், அப்புறம் பார்க்க வந்தவர் சொன்னது பலித்துவிடும். இரண்டாவது, பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும், பொறியை அதன் வாயருகே வைக்காதீர்கள். நிழலில் வைத்துப் பாருங்கள். நீலமாக, டப் டப் என்று சத்தத்தோடு வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலம் இல்லை.

பொறி இல்லை என்றால் முதலில் எர்த், அதாவது மின்சாரம் இஞ்சின் இரும்பு வழியாகத் திரும்பும் இணைப்பு. காயிலை இஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டின் அடியில், வயர் முனைகளில், பச்சைக் களிம்பு படிந்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்துத் திரும்ப இறுக்குங்கள். கடற்கரையில் 'செத்துப்போன' பல காயில்கள் இந்தத் தேய்ப்பில் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது ஸ்டாப் ஸ்விட்ச். உப்பு ஏறி உள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தால், இஞ்சினை நிறுத்து என்று எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் வயர் இணைப்பைத் தற்காலிகமாகப் பிரித்துவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் குறை ஸ்விட்சில்தான். அந்த நிலையில் இஞ்சின் பிடித்துவிட்டால் பொத்தானை அமுக்கி நிறுத்த முடியாது, சோக்கை இழுத்துத்தான் அணைக்க வேண்டும். ஸ்விட்ச் மாற்றாமல் அப்படியே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆள் தவறி விழுந்தால் இஞ்சினை அணைப்பது அந்த ஸ்விட்ச்தான். இதற்கும் மேல் ஃப்ளைவீல் என்ற சுழல் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் காயில்களில் துரு ஏறியிருக்கலாம். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்குரிய புல்லர் என்ற கருவி வேண்டும், சுத்தியலால் தட்டினால் காந்தம் விடுபட்டுவிடும். அந்த இடத்தில் மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். சி.டி.ஐ. வாங்கும் முன், அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து வள்ளக்காரரிடம் பத்து நிமிடம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். மீன்பிடித் துறையில் இதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

கம்ப்ரஷன் உங்கள் இஞ்சினுக்குப் பிரச்சினையாக இருக்கும் என்று தோன்றவில்லை, கயிறு கனமாக இழுபடுகிறது என்கிறீர்கள். சந்தேகம் தீர, பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைத்து ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிவிட வேண்டும். அழுத்தம் அளக்கும் கேஜ் கிடைத்தால் அது காட்டும் அளவைவிட வித்தியாசத்தைப் பாருங்கள், இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வேறு யாருக்காவது கயிறு அசையவே இல்லை என்றால் பலம் காட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, இரண்டு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் பாதிப்பாதி கலந்து விட்டு, இரண்டு நாள் ஊற விட்டு, ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். பெரும்பாலும் ரிங் ஒட்டியிருக்கும், விட்டுவிடும். கயிற்றில் வேகமாக இழுத்து விடுவித்தால் ரிங் முறிந்து சிலிண்டரைக் கீறிவிடும்.

உள்ளே பொருத்திய டீசல் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகு எடுப்பவர்களுக்கும் இதுவே. டீசலுக்குப் பொறி இல்லை, அங்கே பாட்டரியும் காற்றும்தான் வில்லன்கள். 12 வோல்ட் பாட்டரி நிறைவாக இருந்தால் 12.6 காட்டும், 12-க்குக் கீழே என்றால் காலி. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தால் ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைபம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும் வரை விட வேண்டும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடியை முதலில் வடித்துவிடுங்கள்.

இனி உங்கள் இஞ்சின் பிடித்த பிறகு. பிடித்த மகிழ்ச்சியில் மணலில் வைத்தே முறுக்கிவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓடினாலே, குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் கருகும். கால் டீஸ்பூன் சோதனையையே பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் உறிஞ்சும் சல்லடை முழுக அதில் நிறுத்தி வைத்துத்தான் செய்ய வேண்டும். ஏழு மாதம் ஒரே வளைவில் அழுந்திக் கிடந்த இம்பெல்லர் இறக்கைகள் அதே வளைவில் விறைத்துப் போயிருக்கும், பழையது என்றால் மாற்றிவிடுவதே நல்லது. ஓட ஆரம்பித்ததும் பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்தி, அந்த ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்த மண் உதிரும், அதுதான் குளவிக் கூடு. கியர் ஆயிலையும் அடித்திருகைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகக் கடல்நீர் போயிருக்கிறது, சீலை மாற்றாமல் கடலுக்குப் போக வேண்டாம்.

முதல் பத்து நிமிடம் புகை கண்ணை மறைக்கும், பயப்படாதீர்கள், ஊறப்போட்ட ஆயில் எரிகிறது. முழுக்கச் சூடாகும் வரை மண்ணெண்ணெய்க்கு மாற்றாதீர்கள்.

முதல் ஓட்டம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் மட்டும். துடுப்பும் நங்கூரமும் வள்ளத்தில் இருக்கட்டும், தனியாகப் போகாதீர்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடி இஞ்சின் மெல்ல அடங்கினால் பல்பைப் பாருங்கள். சப்பிப் போயிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து விடுங்கள். அங்கேயும் குளவி இருக்கலாம். திரும்பும்போது கரை நெருங்குமுன் வால்வைப் பெட்ரோலுக்குத் திருப்பி ஐந்து நிமிடம் ஓட்டி, கடைசியில் ஓஸைப் பிடுங்கி இஞ்சின் தானாக நிற்கும் வரை விடுங்கள். பவுல் காலியாகிவிடும். டம்ளரில் என்ன வந்தது, கால் டீஸ்பூனுக்கு எத்தனை விநாடி ஓடியது என்று எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைப் பார்ப்போம்.